மலைநோய் என்று நினைத்தது கரித்தணல் வாயு: ஜூடா கா தாலாப் முகாமில் ஓர் இரவு (நிகழ்வு ஆய்வு)

இந்தப் பதிவு ஏன்

ஏரிக்கரை முகாம் ஒன்றில் ஒரே டென்ட்டில் தூங்கிய மூன்று பேருக்கு நள்ளிரவில் தலைவலி, வாந்தி, தடுமாற்றம். முதலில் எல்லோரும் மலைநோய், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தொந்தரவு, என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்துத்தான் டென்ட் வாசலில் இருந்த கரித்தணல் கண்ணில் பட்டது. மூவரும் பிழைத்தார்கள். அன்று அந்தக் குழுவில் நானும் இருந்தேன். இரவு முழுக்க நேரத்தையும் அளவீடுகளையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தோம். அந்தக் குறிப்பு, கைடின் பதிவேடு, மூவரும் பிறகு சொன்னது ஆகியவற்றை வைத்து, சம்பந்தப்பட்ட எல்லோரின் சம்மதத்தோடும் இதை எழுதுகிறேன். பெயர்கள் எதுவும் இல்லை.

அந்த முகாம் இருக்கும் கேதார்காந்தா மலைக்கு டிசம்பரில் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். பலருக்கு அதுதான் முதல் பனி, முதல் டென்ட் இரவு. அவர்களையும் அவர்களைக் கூட்டிப் போகிறவர்களையும் மனதில் வைத்தே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பின்னணி

உத்தரகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் வனவிலங்கு சரணாலயப் பகுதியில் இருக்கிறது கேதார்காந்தா சிகரம். உயரம் சுமார் 3,800 மீட்டர். அடிவாரக் கிராமம் சாங்க்ரி, சுமார் 1,950 மீட்டர். டேராடூனிலிருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய ஒரு முழு நாள் பயணம். சாங்க்ரியிலிருந்து காட்டு வழியே நான்கு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 2,770 மீட்டரில் ஜூடா கா தாலாப் என்ற சின்ன ஏரி. பெரும்பாலான குழுக்களுக்கு முதல் இரவு முகாம் இதுதான்.

குழுவில் 12 பேர். சென்னை, கோவை, திருப்பூர்க்காரர்கள். வயது 24 முதல் 52 வரை. உள்ளூர் கைடு ஒருவர், துணைக் கைடு, சமையல்காரர், உதவியாளர்கள் இருவர். மூன்று பேர் தூங்கும் டென்ட் நான்கு, சாப்பாட்டு டென்ட் ஒன்று, சமையல் டென்ட் ஒன்று. மருத்துவப் பையில் விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இரண்டு, மலைநோய் மாத்திரையான டயமாக்ஸ், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன், 1.8 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று. குழுவிலேயே சென்னை மருத்துவமனை ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் நர்ஸ் ஒருவர் இருந்தார். அவரும் மற்றவர்களைப் போல விடுமுறைக்கு வந்தவர்தான். அவர் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். எல்லாக் குழுவுக்கும் அது வாய்க்காது.

பாதிக்கப்பட்ட மூவரும் மூன்றாம் டென்ட்டில் இருந்தவர்கள்: 27 வயது இளைஞர், அவருடைய கல்லூரி நண்பர், அந்த இளைஞரின் தாய்மாமா. மாமாவுக்கு வயது 52. திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். மூவரும் புகைப்பதில்லை, அன்று மது அருந்தவும் இல்லை.

முகாமிடம்

ஏரியைச் சுற்றி பைன், ஃபிர் மரங்கள் சுவர் போல நிற்கும். ஏரி இருப்பது ஒரு பள்ளத்தில். காற்று அடிக்காது, பார்க்க அழகாக இருக்கும், தண்ணீர் பக்கத்திலேயே கிடைக்கும். அதனால் எல்லோருக்கும் பிடித்த இடம். ஆனால் இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, சரிவுகளிலிருந்து இறங்கி இந்தப் பள்ளத்தில்தான் தேங்கும். கொஞ்சம் மேலே மரங்களுக்கு நடுவே இருக்கும் திட்டைவிட ஏரிக்கரை நன்றாகவே குளிர்ந்துவிடும். கூடவே காற்றோட்டமும் நின்றுவிடும்.

அன்று மூன்றாம் டென்ட் போட்டிருந்தது ஒரு பெரிய ஃபிர் மரத்தின் கிளைகளுக்குக் கீழே. பனி விழும்போது இந்த மரங்கள் முதலில் அதைக் கிளைகளில் தாங்கிக்கொள்ளும். பாரம் தாங்காமல் கிளை வளையும்போது மொத்தமாகத் 'தொப்'பென்று கொட்டும். மாலை 4 மணிக்குத் தொடங்கிய பனி இரவு 10 வரை விட்டு விட்டுப் பெய்தது. மறுநாள் காலை பார்த்தபோது மற்ற டென்ட்டுகளைச் சுற்றி ஒரு சாண் பனி. மூன்றாம் டென்ட்டின் பின்பக்கத்திலும் ஒரு பக்கவாட்டிலும் முழங்கால் அளவு. வெளித்துணியின் அடிவிளிம்பு, அதாவது காற்று உள்ளே நுழையும் இடைவெளி, இரண்டு பக்கமும் முழுக்க மூடியிருந்தது. மேலே இருந்த சின்னக் காற்றுத் துளையைக் குளிர் தாங்காமல் உள்ளே இருந்தவர்களே அடைத்திருந்தார்கள்.

மாலையில் நடந்தது

பிற்பகல் 2 மணிக்கு முகாமை அடைந்தோம். யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. மாலை 5 மணிக்கு எல்லோருக்கும் ஆக்சிமீட்டர் வைத்தார்கள். 12 பேருக்கும் 90 முதல் 95 வரை. மாமாவுக்கு 91, இளைஞருக்கு 93, நண்பருக்கு 92. அந்த உயரத்துக்கு இவையெல்லாம் சாதாரண எண்கள்தான்.

சரணாலயக் காடு என்பதால் வெளியே தீ மூட்ட வேண்டாம் என்று கைடு முன்பே சொல்லியிருந்தார். சாப்பாடு முடிந்தபோது இரவு 7.30. வெளியே தெர்மாமீட்டர் மைனஸ் 6 காட்டியது. நள்ளிரவில் அது மைனஸ் 9 வரை போனது. மாமா மதியம் நடக்கும்போது நனைந்த சாக்ஸை மாற்றாமல் இருந்தார். உள்ளே போட்டிருந்ததும் பருத்தி பனியன். வியர்வையில் நனைந்த பருத்தி அந்தக் குளிரில் காயவே காயாது. பசியில்லை என்று ஒரே ஒரு ரொட்டியோடு எழுந்துவிட்டார். 8.30 மணிக்கு அவருக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது.

இளைஞர் சமையல் டென்ட்டுக்குப் போய் ஏதாவது சூடாகக் கிடைக்குமா என்று கேட்டார். அங்கே உதவியாளர்கள் குளிர்காய ஓர் இரும்புச் சட்டியில் கரித்தணல் வைத்திருந்தார்கள். பத்தொன்பது இருபது வயசுப் பையன் ஒருவன் அதைப் பெரிய மனதோடு தூக்கிக் கொடுத்தான். புகை வராத அளவுக்குக் கனிந்த தணல். டென்ட்டுக்குள் வைத்தால் ஆபத்து என்று அந்த மூவருக்கும் பொதுவாகத் தெரிந்தே இருந்தது. அதனால் உள்ளே வைக்கவில்லை. உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவே ஷூ, பை வைக்கும் இடம் இருக்குமே, அங்கே வைத்தார்கள். வெளித்துணியின் ஜிப்பை முழுக்க மூடினார்கள். சூடு உள்ளே வரட்டும் என்று உள்துணியின் ஜிப்பைப் பாதி திறந்து வைத்தார்கள். "வெளியேதானே இருக்கு, நெருப்பும் இல்லை, புகையும் இல்லை" என்று நினைத்ததாக இளைஞர் பிறகு சொன்னார். ஒன்பதரைக்கு மூவரும் தூங்கிவிட்டார்கள்.

கைடு 9 மணிக்கு ஒவ்வொரு டென்ட்டாக வந்து குரல் கொடுத்தார். உள்ளிருந்து "ஓகே பாய்" என்று பதில் வந்தது. ஜிப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லை.

இரவு 11.40 முதல் 12.25 வரை

11.40க்கு இளைஞர் வெளியே வந்து வாந்தி எடுத்தார். சத்தம் கேட்டு வந்த துணைக் கைடு விசாரித்தார். கடுமையான தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம். 2,500 மீட்டருக்கு மேல், வந்து சேர்ந்து ஒன்பது பத்து மணி நேரத்தில் இப்படி இருந்தால் மலைநோய் என்று நினைப்பது பாடப்புத்தகத்தின்படியே சரி. டயமாக்ஸ் ஒரு மாத்திரையும் வெந்நீரும் கொடுத்து, தலையை உயர்த்திப் படுக்கச் சொல்லி டென்ட்டுக்கு அனுப்பினார். வெளிக்காற்றில் நின்ற அந்தச் சில நிமிடங்களில் தலைவலி சற்றுத் தணிந்ததாக இளைஞருக்கு நினைவு. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். மாத்திரை அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது.

12.10க்கு நண்பர் தவழ்ந்தபடி வெளியே வந்தார். பக்கத்து டென்ட்டில் இருந்த நர்ஸை எழுப்பினார். "அக்கா, தலை வெடிக்குது. மாமாவ எழுப்புனா ஏதோ உளறுறாரு." இளைஞரும் பின்னாலேயே வந்து திரும்ப வாந்தி எடுத்தார். மாமாவை இருவர் கைத்தாங்கலாகச் சாப்பாட்டு டென்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தன் பெயரைச் சொன்னார். எங்கே இருக்கிறோம் என்று கேட்டதற்கு "யூனிட்ல" என்றார்.

12.15க்கு விரல்களைச் சூடாக்கி ஆக்சிமீட்டர் வைத்தார்கள். மாமா 98. இளைஞர் 97. நண்பர் 98. நாடித்துடிப்பு மூவருக்கும் 110க்கு மேல்.

கைடுக்கு அந்த எண்கள் நிம்மதியைத் தந்தன. ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். நர்ஸுக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. உயரத்தில் தூங்கும்போது எல்லோருக்கும் ஆக்சிஜன் அளவு குறையும், ஏறாது. மாலையில் 91 இருந்தவருக்கு நள்ளிரவில், அதுவும் இவ்வளவு முடியாமல் இருக்கும்போது, 98 எப்படி வரும்? கருவிதான் கெட்டுவிட்டதோ என்று தன் விரலில் வைத்தார். 91. கைடுக்கு 93. இரண்டாவது கருவியிலும் அதே கதை. முகாமிலேயே மிக மோசமான நிலையில் இருந்த மூவருக்கும் முகாமிலேயே மிக நல்ல எண்கள்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி: "மூணு பேரும் ஒரே டென்ட்தானே? வேற டென்ட்ல யாருக்காவது தலைவலி இருக்கா?" ஒருவருக்கும் இல்லை. டார்ச் எடுத்துக்கொண்டு மூன்றாம் டென்ட்டுக்குப் போனார். ஜிப்பைத் திறந்ததும் முகத்தில் வெதுவெதுப்பு அடித்தது. ஷூக்களுக்கு நடுவே சாம்பல் பூத்த இரும்புச் சட்டி. கிளறினால் அடியில் இன்னும் சிவப்பு. நேரம் 12.25.

எண்கள் ஏன் ஏமாற்றின

கரித்தணல் போதிய காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது. சுவாலை அடங்கி, புகை நின்று, "கனிந்துவிட்டது" என்று நாம் சொல்லும் நிலையிலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி என்று இரண்டு ஒளிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியில் ஏறக்குறைய ஆக்சிஜன் பிடித்ததைப் போலவே தெரியும். கருவியால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டிவிடும். சென்னையில் என்றால் 98 என்பது யாருக்கும் சந்தேகம் தராது. 2,770 மீட்டரில், சுற்றி உள்ள எல்லோரும் 91, 92 என்று இருக்கும்போது அதே 98 ஒரு எச்சரிக்கை. மலையில் ஆக்சிமீட்டரைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்: குறைந்த எண்ணைத் தேடப் பழகியிருக்கிறோம், பொருந்தாத எண்ணைத் தேடப் பழகவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மூவரையும் மூன்றாம் டென்ட்டுக்குத் திரும்ப விடாமல் சாப்பாட்டு டென்ட்டிலேயே வைப்பது. இரண்டு பக்கக் கதவுகளையும் கட்டித் திறந்து வைத்தார்கள். அங்கே அப்போது மைனஸ் 8. நல்ல காற்று வேண்டும், குளிரில் விறைத்துவிடவும் கூடாது. ஆளுக்கு இரண்டு ஸ்லீப்பிங் பேக், அடியில் இரண்டு பாய், வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணி சுற்றி அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தார்கள். மாமாவின் ஈரச் சாக்ஸும் பனியனும் அப்போதுதான் கழன்றன. சமையல்காரர் விடியும்வரை வெந்நீர் போட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்து ஆக்சிஜன். 1.8 லிட்டர் சிலிண்டரில் முழு அழுத்தத்தில் ஏறக்குறைய 270 லிட்டர் வாயு இருக்கும். மூன்று பேருக்கும் பங்கிட்டால் யாருக்கும் பயனில்லை. குழப்பத்தில் இருந்தவர், வயதில் மூத்தவர், ரத்த அழுத்தக்காரர் என்று மூன்று காரணங்களால் முழுவதும் மாமாவுக்கே கொடுத்தார்கள். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வீதம், ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல் வந்தது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜன் என்றால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். எங்களிடம் இருந்தது சாதாரண மாஸ்க். அதில் தூய ஆக்சிஜன் கிடைக்காது என்று நர்ஸுக்குத் தெரியும். இருப்பதை வைத்துச் செய்தார்.

இரவோடு இரவாகக் கீழே இறக்குவதா என்பதில்தான் நீண்ட வாக்குவாதம். மலைநோய் என்றால், அதுவும் பேச்சுக் குழறினால், உடனே இறக்க வேண்டும். கைடு அதற்குத் தயாராகிவிட்டார். நர்ஸ் மறுத்தார். இது வாயு என்றால் சிகிச்சை உயரம் குறைவதில் இல்லை, நல்ல காற்றில் இருக்கிறது. ஏற்கெனவே ஆக்சிஜன் பற்றாத இதயத்தை வைத்துக்கொண்டு, புதுப்பனி மூடிய காட்டுச் சரிவில் இருட்டில் நான்கு கிலோமீட்டர் நடப்பது நிலைமையை மோசமாக்கும். வழுக்கி விழுந்தால் இன்னொரு நோயாளி. ஒரு மணி நேரம் பார்ப்போம், மாமாவின் தெளிவு கூடினால் விடியும்வரை இங்கே, குறைந்தால் ஸ்ட்ரெச்சர் கட்டி இறக்குவோம் என்று முடிவானது. ஸ்ட்ரெச்சருக்கான கம்பும் கயிறும் அப்போதே தயாராக எடுத்து வைக்கப்பட்டன.

வாக்கிடாக்கியில் சாங்க்ரி தளத்தைப் பிடித்து, அங்கிருந்து போன் மூலம் ஒரு மருத்துவரிடம் பேசினார்கள். அவர் ஒன்றைச் சேர்த்தார். மூளையில் நீர்கோக்கும் கடுமையான மலைநோய் அந்த உயரத்தில், முதல் இரவிலேயே வருவது அரிது. ஆனாலும் வாயுதான் என்று நூறு சதவீதம் நிரூபிக்க அங்கே வழியில்லை. ஒருவேளை நம் கணிப்பு தவறினால் உயிர்போகும், ஒரு டோஸ் டெக்ஸாமெத்தசோனால் பெரிய கெடுதல் இல்லை, மாமாவுக்குக் கொடுங்கள் என்றார். 1 மணிக்கு 8 மில்லிகிராம் கொடுத்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு. ஒரு கணிப்பின் மேல் முழு நம்பிக்கை இருக்கும்போதே, அது பொய்யானால் என்ன என்பதற்கும் சேர்த்து ஏற்பாடு செய்தார்கள்.

அதே நேரத்தில் துணைக் கைடு மற்ற எல்லா டென்ட்டுகளையும் திறந்து பார்த்தார். வேறு எங்கும் தணல் இல்லை. சமையல் டென்ட்டில் உதவியாளர்கள் படுத்திருந்த இடத்தில் இன்னொரு சட்டி இருந்தது. கதவு திறந்திருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் வெளியே கொட்டினார்கள்.

விடியும் வரை

1.20க்கு மாமா தானாகவே "என்னாச்சு?" என்று கேட்டார். 1.30க்கு இடம், நாள், மருமகன் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னார். 3 மணிக்கு இளைஞருக்கும் நண்பருக்கும் தலைவலி பாதியாகக் குறைந்தது, வாந்தி நின்றது. ஆக்சிமீட்டர் எண்களும் மெல்ல இறங்கின. காலை 6 மணிக்கு மூவருக்கும் 92, 93. உடம்பு தேறத் தேற எண் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தது விசித்திரமான அனுபவம். மூவரும் மற்றவர்களோடு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

விடிந்ததும் மாமாவைக் குதிகாலும் விரல்நுனியும் ஒட்ட, நேர்கோட்டில் நடக்கச் சொன்னார்கள். தள்ளாடாமல் நடந்தார்.

கீழிறக்கம்

7.15க்குப் புறப்பாடு. மூவரின் பைகளையும் உதவியாளர்கள் சுமந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, 10.40க்குச் சாங்க்ரி. அங்கிருந்து ஜீப்பில் நர்ஸும் கூடப் போனார். வழியில் ஒரு சிறிய மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்து இசிஜி எடுத்தார்கள். மாலையில் டேராடூனில் ஒரு மருத்துவமனை.

மீதிப் பேர் மேலே போகலாமா என்று காலையில் பேச்சு வந்தது. "நாங்க நல்லாத்தானே இருக்கோம், ஆறு மாசமா பிளான் பண்ணது" என்று இருவர் வருத்தப்பட்டார்கள். நியாயமான வருத்தம். ஆனால் குழுவிடம் இருந்த ஒரே சிலிண்டர் காலி. நர்ஸும் இல்லை. பணியாளர்களில் யாரும் இரவு தூங்கவில்லை. இனி ஏறும் உயரத்தில் உண்மையான மலைநோய் யாருக்காவது வந்தால் கொடுக்க ஒன்றும் இல்லை. கைடு எல்லோரையும் இறக்கினார். கட்டணம் குறித்த பேச்சு பிறகு தனியாக நடந்து முடிந்தது.

பின்விளைவு

டேராடூனில் ரத்தத்தில் வாயு அளவைப் பார்த்தபோது கிட்டத்தட்ட பதினெட்டு மணி நேரம் கடந்திருந்தது. மூவருக்கும் இயல்பான அளவே வந்தது. இவ்வளவு நேரம் கழித்து அப்படித்தான் வரும், இதை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது என்று அங்கிருந்த மருத்துவர் விளக்கினார். ஆகவே இந்த நிகழ்வில் கார்பன் மோனாக்சைடு என்ற கணிப்பு ரத்தப் பரிசோதனையில் நிரூபிக்கப்பட்டது அல்ல. ஒரே டென்ட், ஒரே நேரம், தணல், பொருந்தாத ஆக்சிமீட்டர் எண், உயரம் குறையாமலேயே நல்ல காற்றில் தேறியது ஆகியவற்றால் வந்த முடிவு. மாமாவுக்கு இதயப் பரிசோதனைகள் இயல்பாக இருந்தன. ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.

போகும்போது மருத்துவர் ஒரு எச்சரிக்கை சொன்னார். இந்த வாயுவின் பாதிப்பு சிலருக்கு முழுக்கத் தேறிய பிறகு, சில நாள் முதல் சில வாரம் கழித்து, மறதி, கவனக் குறைவு, சுபாவ மாற்றம், நடைத் தடுமாற்றம் என்று திரும்ப வரும். ஆறு வாரம் வீட்டில் யாராவது கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். இளைஞருக்கும் நண்பருக்கும் ஒன்றும் வரவில்லை. மாமாவுக்கு மூன்றாம் வாரத்தில் கணக்கு தவறத் தொடங்கியது. ஒரு பார்ட்டியின் பீஸ்களை இன்னொரு பார்ட்டி பெயரில் எழுதினார். இருபது வருஷமாகத் தப்பாத மனிதர். அத்தைதான் முதலில் கவனித்தார். மருத்துவர் சொன்ன எச்சரிக்கை நினைவில் இருந்ததால் "வயசாகுது" என்று விடாமல் கோவையில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினார்கள். ஸ்கேனில் மாற்றம் இல்லை. மூன்றாம் மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டார்.

எது மாற வேண்டும்

அந்த உதவியாளர் பையன் மேல் பழி போட்டுவிட்டு இதை முடித்துவிடலாம். அது தவறு. விருந்தாளி குளிரில் நடுங்கிக் கேட்கிறார், தன்னிடம் இருந்த சூட்டைத் தூக்கிக் கொடுத்தான். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, மறுக்கும் உரிமையும் கொடுக்கவில்லை. இப்போது அந்தக் குழு நடத்துபவர்கள் முதல் நாளே விருந்தாளிகள், பணியாளர்கள் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தி, தூங்கும் டென்ட்டுக்குத் தணல், ஸ்டவ் எதுவும் வராது, யார் கேட்டாலும் இல்லை என்று சொல்கிறார்கள். ஷூ வைக்கும் இடமும் உள்ளேதான் என்று கையால் தொட்டுக் காட்டுகிறார்கள். உதவியாளர்களின் டென்ட்டிலிருந்தும் சட்டியை எடுத்துவிட்டு அவர்களுக்குக் கனமான ஸ்லீப்பிங் பேக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் முதன்மையான மாற்றம். அவர்கள் குளிரில் இருக்கும்வரை தணல் முகாமில் இருந்துகொண்டே இருக்கும்.

தணல் தேவைப்பட்டதே குளிரால்தான். எட்டு மணிக்கு எல்லோருக்கும் வெந்நீர் பாட்டில். ஈர உடை மாற்றியாயிற்றா என்று கைடு ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறார். பருத்தி உள்ளாடை வேண்டாம் என்பது பொருள் பட்டியலில் முதல் வரி. டென்ட்டுகள் ஏரிக்கரைப் பள்ளத்தை விட்டுச் சற்று மேலே, பாரம் தாங்கும் கிளைகளுக்கு வெளியே போடப்படுகின்றன. பனி பெய்யும் இரவில் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் ஒருவர் எழுந்து வெளித்துணியின் விளிம்பிலிருந்து பனியைத் தள்ளிவிட்டு, மேல் துளை திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார்.

இரவில் யாருக்காவது முடியவில்லை என்றால் அவரை அதே டென்ட்டுக்குத் திருப்பி அனுப்புவதில்லை. 11.40க்கும் 12.10க்கும் நடுவே போன அரைமணி நேரம்தான் இந்த நிகழ்வில் என்னை இன்னமும் உறுத்துவது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவர் திரும்பிப் போனது அந்த வாயுவுக்குள்தான். இப்போது கைடிடம் இருக்கும் அட்டையில் மலைநோய்க் கேள்விகளுக்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கூடத் தூங்கியவர் எப்படி இருக்கிறார்? டென்ட்டில் ஏதாவது எரிந்ததா? இவருடைய எண் மற்றவர்களுடைய எண்ணோடு ஒத்துப்போகிறதா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வேண்டுமானால் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கும் ஆக்சிமீட்டர் வைத்தாக வேண்டும். அதையும் அட்டையில் எழுதியிருக்கிறார்கள்.

கார்பன் மோனாக்சைடு இருந்தால் கத்தும் பேட்டரி அலாரம் ஒன்றைச் சமையல் டென்ட்டுக்கு வாங்கியிருக்கிறார்கள். கடும் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறது. அதனால் பகலில் அதைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறார் சமையல்காரர். சிலிண்டர் இப்போது இரண்டு, பை வைத்த மாஸ்க்கோடு.

கொடைக்கானல், ஊட்டி பக்கம் விடுதி எடுத்துத் தங்குபவர்களுக்கும் இது பொருந்தும். பார்பிக்யூ அடுப்பை அணைந்துவிட்டது என்று நினைத்து அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி நம் ஊரிலும் வந்திருக்கிறது. அப்படி ஓர் அறையில் காலையில் தலைவலியோடு எழுந்தால், முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். மருத்துவமனையில் "கரி அடுப்பு உள்ளே இருந்தது" என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். விரலில் வைக்கும் கருவி 98 காட்டினாலும் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதையும் தாமதிக்காமல் கேளுங்கள், நேரம் ஆக ஆக அந்தப் பரிசோதனையில் தடயம் கிடைக்காது.